லேக் டிஸ்ட்ரிக்டில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போகிறீர்களா? முதலில் பள்ளத்தாக்கை முடிவு செய்யுங்கள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்பிரியாவில் இருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட். வரைபடத்தில் அதை முதன்முதலாகப் பார்க்கிற பலரும், இவ்வளவு சின்ன இடமா, நான்கு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் தடவை போனேன். தேசியப் பூங்காவின் பரப்பே 2,362 சதுர கிலோமீட்டர்தான். ஊர்கள் எல்லாம் ஒரு விரல் இடைவெளியில் தெரியும். அந்த விரல் இடைவெளிக்குள் ஒரு மலைத்தொடர் நிற்கிறது என்பது அங்கே போய் இறங்கினால்தான் உறைக்கும்.

ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குடம் இருக்கிற நடுப்பகுதியில் ஸ்காஃபெல் பைக், கிரேட் கேபிள், போஃபெல் என்று உயரமான மலைகள். அங்கிருந்து ஆரக்கால்கள் மாதிரி பள்ளத்தாக்குகள் எல்லாத் திசையிலும் வெளியே ஓடுகின்றன: வடக்கே போரோடேல், வடமேற்கே பட்டர்மியர், மேற்கே எனர்டேல், தென்மேற்கே வாஸ்டேலும் எஸ்க்டேலும், தெற்கே டடன், தென்கிழக்கே லாங்டேல். ஏரிகள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தாக்குகளில்தான் நீளநீளமாகப் படுத்திருக்கின்றன. ஒரு ஆரக்காலிலிருந்து அடுத்த ஆரக்காலுக்குப் போக இரண்டே வழி. மலையைத் தாண்ட வேண்டும், அல்லது சக்கரத்தின் விளிம்பு வரை வெளியே வந்து சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே போக வேண்டும். லாங்டேலின் தலைமாட்டிலிருந்து வாஸ்டேல் ஹெட்டுக்கு ராசெட் கில், எஸ்க் ஹாஸ், ஸ்டை ஹெட் வழியாக நடந்தால் அரை நாள் ஆகும். காரில் போனால் ரைனோஸ், ஹார்ட்நாட் என்று இரண்டு கணவாய்களைக் கடந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். பேருந்தில் போகலாமா என்றால், வாஸ்டேல் ஹெட்டுக்கு வழக்கமான பேருந்துத் தடம் கிடையாது.

இதைப் புரிந்துகொண்டால் திட்டத்தில் பாதி முடிந்த மாதிரி. எந்த ஏரியைப் பார்க்க வேண்டும், எந்தச் சிகரத்தில் ஏற வேண்டும் என்று பட்டியல் போடுவதற்கு முன்னால், எந்தப் பள்ளத்தாக்கில் தங்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வரும்.

எங்கே தங்குவது

ஒரு வாரம் இருந்தால் இரண்டு இடங்களில் தங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தினமும் மூட்டை கட்டி ஊர் மாற்றினால் நடக்க வேண்டிய காலை நேரமெல்லாம் அறையைக் காலி செய்வதிலேயே போய்விடும்.

கார் இல்லாமல் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது கெஸ்விக். எழுதுவதுதான் அப்படி, உள்ளூரில் கெஸிக் என்றுதான் சொல்வார்கள், பேருந்தில் ஏறிக் கேட்கும்போது உதவும். டெர்வென்ட்வாட்டர் ஏரி ஊரிலிருந்து பத்து நிமிட நடை, ஸ்கிடா மலை பின்னாலேயே நிற்கிறது, போரோடேலுக்கு 78-ஆம் எண் பேருந்து போகிறது. நல்ல காலணி வாங்கவும் மழைக்கோட்டு மாற்றவும் கடைகள் இருக்கின்றன, இது சின்ன விஷயமில்லை. இரண்டாவது இடமாக ஆம்பிள்சைட். லாங்டேல், கிராஸ்மியர், வின்டர்மியர் மூன்றும் கைக்கெட்டும் தூரம். இந்த இரண்டு ஊர்களையும் 555-ஆம் எண் பேருந்து இணைக்கிறது. கெண்டல், வின்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெஸ்விக் என்று சக்கரத்தைத் தெற்கு வடக்காக வெட்டிக்கொண்டு போகும் இந்த ஒரே தடம், கார் இல்லாதவர்களுக்கு முதுகெலும்பு.

கூட்டம் பிடிக்காது, அமைதிதான் வேண்டும் என்றால் கிழக்கே அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கிளென்ரிடிங், பாட்டர்டேல். அதைவிடவும் ஒதுங்க வேண்டும் என்றால் மேற்குப் பக்கம், எஸ்க்டேல். கடற்கரையில் ரேவன்கிளாஸ் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து குட்டி ரயில் ஒன்றில் ஏழு மைல் உள்ளே போய் டேல்கார்த்தில் இறங்கலாம். ஆனால் மேற்கே தங்கினால் எதற்கும் நடை அல்லது சொந்த வண்டிதான். முதல் பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

போய்ச் சேர்வது எளிது. லண்டன் யூஸ்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் பிரதான ரயில் தடத்தில் ஆக்சன்ஹோம், பென்ரித் என்று இரண்டு நிலையங்கள். ஆம்பிள்சைட் பக்கம் தங்குபவர்கள் ஆக்சன்ஹோமில் இறங்கி வின்டர்மியர் கிளை ரயிலில் மாற வேண்டும். கெஸ்விக் போகிறவர்கள் பென்ரித்தில் இறங்கி எக்ஸ்4 அல்லது எக்ஸ்5 பேருந்து பிடிக்கலாம். லண்டனிலிருந்து இரண்டுக்குமே மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளோடு வருபவர்கள் நீண்டதூர ரயிலில் சைக்கிளுக்கும் தனியாக இடம் பதிவு செய்தே ஆக வேண்டும். கிளை ரயிலில் இடம் கொஞ்சம்தான், முதலில் வந்தவருக்கே. பேருந்துகளில் ஏற்றுவார்கள் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

பேருந்து நேரங்களை கோடை, குளிர்காலம் என்று இரண்டு அட்டவணையாக நினைத்துப் பாருங்கள். கெஸ்விக்கிலிருந்து ஹானிஸ்டர் கணவாய் வழியாக பட்டர்மியர் போய்ச் சுற்றிவரும் 77-ஆம் எண் மாதிரியான மலைத்தடங்கள் குளிர்காலத்தில் ஓடாது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் கிளம்பும்போதே உள்ளங்கையில் எழுதிக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. போனில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பள்ளத்தாக்கின் உள்ளே சிக்னல் இருக்காது.

காரில் வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் மலையடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடினால் கிடைக்காது. அப்புறம் ஹார்ட்நாட், ரைனோஸ் மாதிரியான, ஒரு வண்டி அகலமே உள்ள சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கு இடம் வரை ரிவர்ஸில் ஓட்டிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். அதில் தயக்கம் இருந்தால் அந்தச் சாலைகளை விட்டுவிடுங்கள்.

எப்போது போவது

மே, ஜூன். யோசிக்கவே வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் மழை குறைவு, ஜூன் கடைசியில் இரவு ஒன்பதே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டாலும் இருட்டுக்குள் மாட்டமாட்டீர்கள். டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலு மணிக்கு முன்பே அடைந்துவிடும், பனிக்கட்டியும் சேர்ந்துகொள்ளும், அது தனிப் பயிற்சி வேண்டிய விஷயம். மே மாதப் பொது விடுமுறை (பேங்க் ஹாலிடே) வார இறுதிகளையும் ஆகஸ்டையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

மழையைப் பற்றி ஒரு விவரம் தெரிந்திருந்தால் மழை நாளைக்கூட உருப்படியாகக் கழிக்கலாம். ஈரக்காற்று அட்லாண்டிக்கிலிருந்து வந்து நடு மலைகளில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. போரோடேலின் கடைசியில் இருக்கும் ஸீத்வைட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக அதிகம் அதுதான். அங்கிருந்து பதின்மூன்று பதினான்கு கிலோமீட்டர் வடக்கே கெஸ்விக்கில் அதில் பாதி, கிழக்கே பென்ரித்தில் அதையும்விடக் குறைவு. ஆக, சக்கரத்தின் குடத்தில் கொட்டுகிற நாளில் விளிம்புக்குப் போய்விட வேண்டும். ஸ்காஃபெல் மேகத்துக்குள் மறைந்திருக்கும் அதே நேரத்தில் அல்ஸ்வாட்டரின் கீழ்முனை பூலி பிரிட்ஜில் நனையாமல் நடந்திருக்கிறேன். இந்த மலைகள் எவ்வளவு கொட்டும் என்பதற்கு ஒரு கணக்கு: 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலின்போது ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மில்லிமீட்டர் பதிவானது.

ஒரு நாள் நடையை அளப்பது எப்படி

கிலோமீட்டரை மட்டும் பார்த்து நடைக்குக் கிளம்புவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னார், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. மெட்ரிக்கில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஸீத்வைட்டிலிருந்து காரிடார் பாதை வழியாக ஸ்காஃபெல் பைக் போய்த் திரும்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் பதினைந்து கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டருக்குச் சற்று மேல். கணக்குப்படி நாலரை மணி நேரம். ஆனால் நெய்ஸ்மித் கணக்கில் சாப்பாடு இல்லை, புகைப்படம் இல்லை, உச்சிக்குப் பக்கத்தில் பாறைக் குவியல்மேல் ஒவ்வொரு அடியாகக் கால் வைத்து நகர்வதும் இல்லை. பழக்கமில்லாதவர்கள் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள், ஏழு மணி நேரம். குழந்தைகளோடு என்றால் அதற்கும் மேல்.

இந்தக் கணக்கைப் போட வரைபடம் வேண்டும், காகிதத்தில். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல்.4 முதல் ஓ.எல்.7 வரை நான்கு தாள்கள் லேக் டிஸ்ட்ரிக்டின் பெரும்பகுதியைக் காட்டுகின்றன: 4 வடமேற்கு, 5 வடகிழக்கு, 6 தென்மேற்கு, 7 தென்கிழக்கு. தங்கும் இடத்துக்கு ஏற்ற தாளை வாங்குங்கள். போனிலும் வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் குளிரில் பேட்டரி சரசரவென்று இறங்கும், நனைந்த விரலுக்குத் திரை அசையாது.

வாங்கிய அன்று இரவே மேசைமேல் விரித்து ஒரு பயிற்சி செய்யுங்கள். அந்தத் தாளில் நாலு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்றால் 250 மீட்டர். ஆரஞ்சுப் பழுப்பில் ஓடும் சம உயரக் கோடுகள் 10 மீட்டருக்கு ஒன்று, ஐந்தாவது கோடு தடிமனாக இருக்கும். நீங்கள் போகும் பாதையில் ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை கோடுகளைப் பாதை வெட்டுகிறது என்று பென்சில் முனையால் தொட்டு எண்ணுங்கள். இரண்டு மூன்று என்றால் பேசிக்கொண்டே போகலாம். ஐந்து என்றால் மூச்சு வாங்கும். பத்து என்றால் 250 மீட்டரில் 100 மீட்டர் ஏறுகிறீர்கள், கையும் தேவைப்படலாம், இறங்கும்போது முழங்கால் சொல்லும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கறுப்பாகப் பாறைக் குறி தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

பெயர்களையும் படியுங்கள், பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொற்கள்தான் இங்கே பாதி. ஃபெல் என்றால் மலை, பெக் என்றால் ஓடை, டார்ன் என்றால் மலைக்குளம், கில் என்றால் ஒடுக்கமான ஓடைப் பிளவு, ஹாஸ் என்றால் இரண்டு மலைகளுக்கு இடையிலான தாழ்ந்த கழுத்து. மேகம் மூடிக்கொண்டால் ஹாஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் உயிர்நாடியான தகவல். கில் வழியாக இறங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். ஸ்காஃபெல் பைக்கின் வடக்குச் சரிவில் இருக்கும் பியர்ஸ் கில்லில் அப்படி இறங்கப் பார்த்து மாட்டிக்கொள்பவர்களை மலைமீட்புக் குழு திரும்பத் திரும்பத் தூக்கி வருகிறது.

எதில் ஆரம்பிக்கலாம்

முதல் நாள் ஏறவே வேண்டாம் என்பது என் கருத்து. கிளென்ரிடிங்கில் படகு ஏறி ஹவ்டவுனில் இறங்கி, அல்ஸ்வாட்டரின் கரையோடு திரும்பி நடந்து வாருங்கள். பத்துப் பதினொரு கிலோமீட்டர் இருக்கும், ஏறி இறங்கி, பூர்ச்ச மரங்களுக்கு நடுவே, ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். படகை முதலிலேயே முடித்துவிடுவது முக்கியம். கடைசிப் படகைப் பிடிக்க ஓடி வருவது எந்த அழகையும் கெடுத்துவிடும்.

இரண்டாம் நாள் கேட்பெல்ஸ். 451 மீட்டர்தான். கெஸ்விக் படகுத்துறையில் ஏறி ஹாஸ் எண்டில் இறங்கினால் மலை அங்கிருந்தே தொடங்குகிறது. சின்ன மலை என்று நினைத்துத் துணிக் காலணியில் வருபவர்களைப் பார்க்கிறேன், உச்சிக்கு முன்னால் இரண்டு இடத்தில் பாறையில் கைவைத்துத்தான் ஏற வேண்டும், மனிதக் கால்கள் தேய்த்துத் தேய்த்து அந்தப் பாறை பளபளவென்று இருக்கும், நனைந்தால் வழுக்கும்.

கால் பழகிய பிறகு ஹெல்வெலின், 950 மீட்டர். இதற்கு ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை வரப்பின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். இரண்டு பக்கமும் சரிவு, கை கால் இரண்டும் வேலை செய்ய வேண்டும், காற்றடிக்கிற நாளிலும் ஈர நாளிலும் பழக்கமில்லாதவர்களுக்கு அது இடமே இல்லை. அதே உச்சிக்கு மேற்கே தர்ல்மியர் பக்கமிருந்து செங்குத்தானாலும் ஒழுங்கான பாதை இருக்கிறது, 555 பேருந்து அடிவாரத்திலேயே இறக்கிவிடும். அதில் போய் அதிலேயே இறங்குவதில் எந்தக் குறையும் இல்லை, உச்சியிலிருந்து தெரிவது ஒன்றேதான்.

தினமும் ஒரே அறைக்குத் திரும்பாமல் ஊர் விட்டு ஊர் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கம்பிரியா வே. அல்வர்ஸ்டனிலிருந்து கார்லைல் வரை ஏறக்குறைய 112 கிலோமீட்டர், ஐந்து நாள். கோனிஸ்டன், லாங்டேல், போரோடேல், கெஸ்விக், கால்ட்பெக் என்று பெரும்பாலும் பள்ளத்தாக்குகள் வழியாகவே போகும், அங்கங்கே ஒரு கழுத்தைத் தாண்டும். பெட்டியை அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருக்கிறார்கள், அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள். பன்னிரண்டு கிலோ சுமையோடு நடப்பதும் நாலு கிலோ சுமையோடு நடப்பதும் ஒரே விடுமுறை இல்லை.

மேகம் மூடும்போது

மூன்று வருடம் முன்பு ஸ்காஃபெல் பைக் உச்சியில் நாங்கள் நான்கு பேர். லாங்டேலிலிருந்து ஏறி வந்திருந்தோம். ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டது, இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கற்கள், எல்லாப் பக்கமும் கல் குவித்து வைத்த அடையாளங்கள். முன்னால் ஒரு கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, பின்னாலேயே போனோம். நாற்பது நிமிடம் கழித்து மேகத்துக்குக் கீழே வந்து பார்த்தால் எதிரே நீளமாக, கறுப்பாக ஒரு ஏரி. லாங்டேலில் அப்படி ஏரியே கிடையாது. அது வாஸ்ட்வாட்டர், இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரி. அந்தக் கூட்டம் வாஸ்டேலிலிருந்து வந்தவர்கள், சரியாகத்தான் இறங்கினார்கள். எங்கள் அறையும் மாற்றுத்துணியும் சக்கரத்தின் அந்தப் பக்கம். மறுபடி ஏற முழங்காலில் தெம்பில்லை, நேரமும் இல்லை. விடுதியின் தரைவழித் தொலைபேசியிலிருந்து டாக்ஸி சொல்லி, அது கடற்கரையிலிருந்து வந்து, இரவு பத்து மணிக்கு லாங்டேல் சேர்ந்தோம்.

திசைகாட்டியை எடுத்து உச்சியிலிருந்து எந்தத் திசையில் முதல் இருநூறு மீட்டர் நடக்க வேண்டும் என்று பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன்பே, வெயிலடிக்கும்போதே, உச்சியிலிருந்து இறங்கும் திசையைப் பாகையில் குறித்து வைத்துவிடுகிறேன். எஸ்க் ஹாஸிலும் அப்படித்தான். நாலைந்து பாதைகள் கூடுகிற இடம், கல்லால் சிலுவை வடிவில் கட்டிய காற்றுத்தடுப்பு ஒன்று பக்கத்தில் இருக்கும். அங்கே நின்று வரைபடத்தைத் திருப்பி வைத்து, போக வேண்டிய பாதையில் விரலை வைத்து, கூட வருபவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன்.

அவசரம் என்றால் 999, முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை. வரைபடத்தின் கட்ட எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும். ஸ்காஃபெல் பைக் உச்சி என்.ஒய். 215 072, இதில் என்.ஒய். என்பது அந்தப் பகுதியின் பெரிய கட்டத்துக்கான எழுத்துகள். முதல் மூன்று எண் கிழக்கு நோக்கி, அடுத்த மூன்று வடக்கு நோக்கி, அதாவது முதலில் குறுக்கே, அப்புறம் மேலே. பேசும் அளவு சிக்னல் இல்லாத இடத்தில் சில சமயம் குறுஞ்செய்தி போகும், அதற்கு ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள். எதுவுமே இல்லையென்றால் விசில், நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு.

சைக்கிளுக்கு வேறு கணக்கு

நடப்பவர்களுக்கு மலையைத் தாண்ட நூறு வழி. சைக்கிளுக்குக் கணவாய்கள் மட்டும்தான், அதுவும் எண்ணி எட்டோ ஒன்பதோ. இங்கிலாந்துச் சட்டப்படி நடைபாதையில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை, பிரைடில்வே எனப்படும் குதிரைப் பாதையில் உண்டு, நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழி விட வேண்டும். எக்ஸ்ப்ளோரர் தாளில் பச்சையில் குட்டைக் கோடுகள் நடைபாதை, நீளக் கோடுகள் குதிரைப் பாதை. உரிமை இருக்கிறது என்பதற்காக ஓட்ட முடியும் என்று அர்த்தமில்லை, இங்கே மேலே சொன்ன பென்சில் கணக்கு மறுபடி வரும்.

சாலைக் கணவாய்களில் கர்க்ஸ்டோன்தான் உயரம், 454 மீட்டர். ஆனால் உயரத்தைவிடச் சரிவுதான் இங்கே ஆளைத் தீர்மானிக்கிறது. ஹானிஸ்டர் 356 மீட்டர், சரிவு 25 சதவீதம் வரை. ஹார்ட்நாட் 393 மீட்டர்தான், ஆனால் மூன்றுக்கு ஒன்று, 33 சதவீதம். இதில் என்ன கஷ்டம் என்பதைச் சொல்கிறேன். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். சாதாரண உடல்வாகு உள்ளவர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய பலம் 150 வாட் என்றால், 20 சதவீதச் சரிவில் மணிக்கு மூன்று கிலோமீட்டர்கூட வராது. அந்த வேகத்தில் சைக்கிள் நிமிர்ந்தே நிற்காது. ஆகவே நல்ல கியர் வேண்டும், முன்பல்லைவிடப் பின்பல் பெரியதாக வருகிற அளவுக்கு. அப்புறம், இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுவதையும் திட்டத்திலேயே ஒரு அரை மணி நேரமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவதற்குப் பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள், ஆணி வைத்த பந்தயக் காலணியில் ஹார்ட்நாட்டில் தள்ளுவது கொடுமை.

ஏற்றத்தைவிட இறக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். கிளம்புவதற்கு முதல் நாள் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஈரத்தில் இரண்டே நீண்ட இறக்கம் மிச்சத்தையும் தின்றுவிடும். இறங்கும்போது பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வராமல் வளைவுக்கு முன்னால் பலமாகப் பிடித்து, வளைவில் விட்டு, மறுபடி பிடியுங்கள். ஆடுகள் தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்களை வரிசையாகப் பதித்திருப்பார்கள். இறக்கத்தின் நடுவில், சில இடங்களில் வளைவை ஒட்டியே வரும். மழையில் அது எண்ணெய் தடவிய மாதிரி. அதற்குப் பத்து மீட்டர் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக்கையும் தொடாமல், மிதிக்கவும் செய்யாமல் கடக்க வேண்டும். ஆடுகள் தாண்டாது என்றேனே, அந்தப் பக்கம் சாலையிலேயே படுத்திருக்கும்.

சுற்று என்று பார்த்தால் கெஸ்விக்கிலிருந்து போரோடேல், ஹானிஸ்டர், பட்டர்மியர், நியூலண்ட்ஸ் கணவாய், மறுபடி கெஸ்விக். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஒரு முழு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்மியரில் கால் ஓய்ந்துவிட்டால் நியூலண்ட்ஸை விட்டு லார்ட்டன் வழியாக வின்லாட்டர் கணவாயில் திரும்பலாம், தூரம் கூடும், சரிவு குறையும். குடும்பத்தோடு என்றால் கெஸ்விக்கிலிருந்து த்ரெல்கெல்டுக்குப் பழைய ரயில் தடத்தில் போட்ட பாதை. ஐந்து கிலோமீட்டர், கிரேட்டா ஆற்றை மாற்றி மாற்றிக் கடந்துகொண்டே போகும். டெஸ்மண்ட் புயலில் பாலங்கள் அடித்துப் போய், 2020 டிசம்பரில்தான் முழுமையாகத் திறந்தார்கள். நீண்ட பயணம் வேண்டுபவர்களுக்கு வைட்ஹேவன் அல்லது வொர்க்கிங்டன் கடற்கரையில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரை வரை ஓடும் சி2சி தடம், சுமார் 225 கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்கே போங்கள், காற்று பெரும்பாலும் முதுகில் தள்ளும்.

பைக்குள்ளே

ஜீன்ஸ் வேண்டாம், பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வாக்கில் குளிர் கூடும். ஏரிக்கரையில் 14 டிகிரி என்றால் ஸ்காஃபெல் உச்சியில் எட்டு, அதன்மேல் காற்று. மழைக்கோட்டோடு மழைக் காற்சட்டையும் கட்டாயம். தலைவிளக்கு ஜூன் மாதத்திலும் பையில் இருக்கட்டும். ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், மேலே ஆடு செத்துக் கிடக்கலாம், வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கன் பெரணிப் புதர்களுக்குள் நடந்து வந்த நாளில் இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பில், இடுப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கூடாரம் போடுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஸ்காட்லாந்து மாதிரி இல்லை, இங்கே நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் வெளியில் தங்கச் சட்டத்தில் இடமில்லை. மலையில் கடைசி வேலிச்சுவருக்கு மேலே, ஒன்றிரண்டு பேர், இருட்டும்போது போட்டு விடியும்போது சுவடில்லாமல் எடுத்துவிட்டால் பொறுத்துக்கொள்கிறார்கள். நெருப்பு மூட்டவே கூடாது. ஏரிக்கரையில் போடாதீர்கள்.

தங்குமிடம் பதிவு செய்வதில் ஒரே ஒரு அவசரம். எனர்டேலின் உச்சியில் பிளாக் செயில் என்ற இளைஞர் விடுதி இருக்கிறது, ஒரு காலத்தில் இடையர் குடிசையாக இருந்தது. பொதுச் சாலை அதுவரை வராது, நடந்தோ சைக்கிளிலோதான் போக முடியும், படுக்கைகள் கொஞ்சம்தான். அங்கே ஒரு இரவு வேண்டுமென்றால் அதை முதலில் பதிவு செய்துவிட்டு மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். வார நடுவில் ஒரு நாளுக்கு எதையும் எழுதாமல் காலியாக விடுங்கள், மலை முன்னறிவிப்பைப் பார்த்து, நன்றாக இருக்கும் நாளை உயரமான மலைக்குக் கொடுத்து, மோசமான நாளை இந்தக் காலி நாளோடு மாற்றிக்கொள்ளலாம். முன்னறிவிப்பில் மழையைவிட உச்சியில் காற்று வேகம் எவ்வளவு, மேகத்தின் அடி எத்தனை மீட்டரில் என்ற இரண்டு வரிகளை முதலில் படியுங்கள். காற்று மணிக்கு 40 மைலுக்கு மேல் என்று இருந்தால் அன்றைக்கு ஏரிக்கரை.

ஊருக்குத் திரும்பும் ரயிலை மாலையில் வையுங்கள். கடைசி நாள் காலையில்தான் பலமுறை மேகம் கலைந்து மலை முழுதாகத் தெரிந்திருக்கிறது.